59 கோல்களும் அதற்குப் பிறகும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்துக் கால்பந்து லீக்கில் டிக்சி டீன் ஒரே சீசனில் 60 கோல் அடித்ததைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதைத் துருவிக்கொண்டு போனபோது ஜார்ஜ் கேம்செல் என்ற பெயர் கண்ணில் பட்டது. டீனுக்கு முந்தைய சீசனில், 1926-27இல், மிடில்ஸ்பரோ அணிக்காக 59 கோல் அடித்திருக்கிறார். இங்கிலாந்துக்காக 9 ஆட்டங்களில் 18 கோல். கால்பந்து பார்க்கும் என் நண்பர்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை. ஒற்றைக் கோலில் ஒரு மனிதர் காணாமல் போய்விட்டாரே என்று வருத்தமாக இருந்தது. நீங்கள்கூட அவரை ஒரு வரியிலும் குறிப்பிடவில்லையே, ஏன்?

— ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

குறிப்பிட்டிருக்க வேண்டும். விட்டது என் பிழைதான். ஆனால் உங்கள் வருத்தத்தில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. ஒற்றைக் கோலில் கோட்டைவிட்டவர் என்று அவரை நினைக்கிறீர்கள். அவர் 59 அடித்து முடித்த அன்று கோட்டைவிட எதுவுமே இல்லை, அந்த எண்ணே சாதனை. டீன்தான் அதைக் குறிவைத்து ஆடினார். 1928 மே 5 அன்று 57 கோல்களோடு களமிறங்கி, ஆர்சனலுக்கு எதிராக மூன்று அடித்துக் கடந்தார். கேம்செல்லுக்கு முன்னால் அப்படித் துரத்த ஒருவரும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அந்த 59ஐ அப்படியே முழு மதிப்புக்கு எடுத்துக்கொள்ள முடியாது. முதலில், அது இரண்டாம் டிவிஷன், லீக்கின் உச்சியான முதல் டிவிஷனுக்கு ஒரு படி கீழே. அடுத்தது ஆஃப்சைடு விதி, எதிரணியின் கோல் அருகே காத்து நின்று பந்து வாங்குவதைத் தடுக்கும் விதி. 1925 கோடை வரை, பந்து தரப்படும் நேரத்தில் ஒரு முன்கள வீரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூவர் இருந்தாக வேண்டும். தடுப்பாட்டக்காரர் ஒருவர் இரண்டடி முன்னேறி நின்றாலே போதும், முன்கள வீரர் பொறியில் சிக்கிவிடுவார். ஆட்டம் நடுக்களத்திலேயே நொண்டியடித்தது. அந்த மூவரை இருவராகக் குறைத்தார்கள். முதல் டிவிஷனில் 1924-25இல் மொத்தம் 1,192 கோல்கள். அடுத்த சீசனில் 1,703. நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்த சென்டர் ஹாஃப் வீரரைப் பின்னால் இழுத்து மூன்றாவது தடுப்பாட்டக்காரர் ஆக்கும் வழக்கம் எல்லா அணிகளுக்கும் பரவச் சில ஆண்டுகள் பிடித்தன. 59, 60 இரண்டும் அந்த இடைவெளியில் விளைந்தவை. அந்த விளைச்சலில் இங்கிலாந்து லீக்கில் இவ்விருவரைப் போல அள்ளியவர் வேறு எவரும் இல்லை என்பதும் உண்மை.

1926-27 சீசனின் தொடக்கத்தில் கேம்செல் ஆடும் அணியிலேயே இல்லை. டர்ஹம் பக்கத்து ஃப்ரேம்வெல்கேட் மூர் ஊர்க்காரர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். டர்ஹம் சிட்டியிலிருந்து 1925இல் சில நூறு பவுண்டுகளுக்கு வாங்கப்பட்டவர். (அந்த டர்ஹம் சிட்டியை 1928இல் வாக்கெடுப்பில் லீக்கைவிட்டே வெளியேற்றினார்கள்.) முதல் நான்கு ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு, உள்ளே வந்த பிறகு 37 ஆட்டங்களில் 59 கோல், 9 ஹாட்ரிக். கிறிஸ்துமஸ் அன்று மான்செஸ்டர் சிட்டியை அதன் மைதானத்திலேயே 5-3 என வென்றபோது ஐந்தையும் அவரே அடித்தார். சிட்டி அந்த ஆண்டு முதல் டிவிஷனுக்கு ஏற முடியாமல் போனது கோல் சராசரியில் (அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்த கணக்கு), அதுவும் தசமப் புள்ளிக்குப் பின் மூன்றாவது இடத்தில். வருத்தப்படுவதற்கு ஆள் தேடினால் சிட்டி ரசிகர்களுக்காக வருத்தப்படலாம்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு ஒன்று. 1926 மே மாதம் பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர்கள் கதவடைப்பில் வெளியே நிறுத்தப்பட்டார்கள். டர்ஹம் வட்டாரத்தில் அது நவம்பர் இறுதி வரை நீண்டது. கேம்செல் கோல் மேல் கோல் அடித்துக்கொண்டிருந்த இலையுதிர்காலம் முழுவதும் அவருடைய ஊரில் அடுப்பெரியப் பணமில்லை. அவருக்கோ வாரச் சம்பளம் இருந்தது. ஐந்து கோல் அடித்தாலும் அரைக் கோல் அடித்தாலும் சீசனில் வாரத்துக்கு 8 பவுண்டுக்கு மேல் எந்த வீரருக்கும் சம்பளம் தரக்கூடாது என்பது லீக்கின் சட்டம். இன்றைய கணக்கில் அற்பம்தான். குழிக்குள் இறங்கியவருக்கு அது பெரிய தொகை.

அவருடைய பெருமை எங்கே இருக்கிறது என்று கேட்டால், 1927க்குப் பிறகு என்பேன். 1927இல் மேலே ஏறிய மிடில்ஸ்பரோ மறு ஆண்டே முதல் டிவிஷனில் கடைசி இடம் பிடித்து இறங்கியது. அதற்கடுத்த ஆண்டு மறுபடி ஏறியது. அதன்பின் பெரும்பாலும் பட்டியலின் நடுவிலோ கீழ்ப்பாதியிலோ தள்ளாடிக்கொண்டிருந்த அணி. அதில் தொடர்ந்து பத்து சீசன்கள் அதிகக் கோல் அடித்தவர் கேம்செல். லீக்கில் 418 ஆட்டங்கள், 325 கோல்கள். விதி மாறிய முதல் இரண்டு ஆண்டுகளின் அதிர்ஷ்டம் பத்து ஆண்டுக்கு நீளாது. தடுப்பாட்டங்கள் எல்லாம் விழித்துக்கொண்ட பிறகும் அவர் அடித்துக்கொண்டே இருந்தார். உங்கள் நண்பர்களிடம் 59ஐச் சொல்லாதீர்கள், 325ஐச் சொல்லுங்கள்.

இங்கிலாந்து ஆட்டங்களையும் குறிப்பிட்டிருந்தீர்கள். 1929 மே மாதம் பிரான்சுக்கு எதிராக 2, பெல்ஜியத்துக்கு எதிராக 4. அடுத்து மாட்ரிட்டில் அவர் ஆடவில்லை. இங்கிலாந்து ஸ்பெயினிடம் 4-3 எனத் தோற்றது, பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள ஓர் அணியிடம் அதன் முதல் தோல்வி. அதே ஆண்டு அயர்லாந்துக்கு எதிராக 2, வேல்ஸுக்கு எதிராக 3. பிறகு நான்கு ஆண்டுகள் அழைப்பே இல்லை! அணியைத் தேர்ந்தெடுத்தது ஒரு பயிற்சியாளர் அல்ல, ஒரு குழு. ஆண்டுக்கு நடக்கும் ஆட்டங்களோ சில. அதே இடத்துக்கு டீனும் போட்டி. 1933இல் திரும்பி வந்தார், ஆடிய ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல் அடித்தார். 1935 டிசம்பரில் லண்டனின் டாட்டன்ஹாம் மைதானத்தில் நாஜிகளின் ஸ்வஸ்திகா கொடி பறக்க, ஒருவர் கூரையில் ஏறி அதை அறுத்து வீழ்த்திய அந்த ஜெர்மனி ஆட்டத்தில் 3-0 வெற்றி. மூன்றில் இரண்டு கேம்செல்லுடையவை.

இரண்டாம் உலகப் போர் அவர் ஆட்டத்தை முடித்தது. அதன்பின் அதே கிளப்பில் பயிற்சியாளராக, உதவிச் செயலாளராக 1963 வரை இருந்தார். 1966 மார்ச்சில் இறந்தார். நான்கு மாதம் கழித்து, அவர் ஆடிய ஏர்சம் பார்க் மைதானத்தில் வட கொரியாவின் பாக் டூ இக் ஒரே கோலில் இத்தாலியை உலகக் கோப்பையிலிருந்து வெளியே அனுப்பினார். மைதானம் இடிக்கப்பட்டு இப்போது அங்கே வீடுகள் இருக்கின்றன. பாக் டூ இக் உதைத்த இடத்தில், ஒரு வீட்டின் முன்புறப் புல்வெளியில், பூட்ஸ் தடத்தை வெண்கலத்தில் பதித்திருக்கிறார்கள். கேம்செல்லின் கோல்களுக்கும் அப்படித் தடம் பதிக்கத் தொடங்கினால் அந்தத் தெருக்காரர்களுக்குப் புல் மிஞ்சாது.

அன்புடன்.