விமானத் தளத்தில் தொடங்கிய வணிகப் பள்ளி

கேள்வி: ஏற்றுமதித் தொழிலுக்கென்றே அமெரிக்காவில் ஒரு கல்லூரி, அதுவும் ராணுவ விமானத் தளத்தில் ஆரம்பிக்கப்பட்டதாமே, உண்மையா? என் மகனுக்கு ஏற்றுமதி சம்பந்தமாகப் படிக்க ஆசை, அதனால் கேட்கிறேன். (வாசகி, திருப்பூர்)

பதில்: உண்மைதான். அதன் பெயர் தண்டர்பேர்ட். அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸை ஒட்டியுள்ள கிளெண்டேலில் 1946ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது அந்த இடத்தில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், அமெரிக்கர்களோடு பிரிட்டன், சீன இளைஞர்களும் அங்கேதான் பறக்கக் கற்றார்கள். அமெரிக்க விமானப் படையின் பயிற்சிப் பிரிவுக்கே தலைவராக இருந்த பார்ட்டன் கைல் யவுன்ட் என்ற ஜெனரல், போர் முடிந்ததும் அந்தத் தளத்தை அரசிடமிருந்து வாங்கினார். விலை ஒரே ஒரு டாலர்! பத்து வருடம் கல்விக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை.

ஒரு ராணுவக்காரருக்கு எதற்கு வணிகப் பள்ளி என்று தோன்றும். போருக்குப் பிறகு அமெரிக்கக் கம்பெனிகள் வெளிநாடுகளுக்குப் போகும், ஆனால் அந்த நாட்டு மொழியும் பழக்கவழக்கமும் தெரிந்த ஆள் கிடைக்காது என்று அவர் முன்கூட்டியே கணித்தார். அதனால் பாடத்திட்டத்தை மூன்று காலில் நிறுத்தினார்கள்: வணிகம், மொழி, அந்தந்தப் பிரதேசத்தைப் பற்றிய படிப்பு. ஆரம்பத்தில் லத்தீன் அமெரிக்காவையே குறியாக வைத்து ஸ்பானிஷ், போர்த்துகீசு சொல்லிக்கொடுத்தார்கள். கணக்குப் பாடத்துக்குச் சமமாக மொழியையும் வைத்தார்களே, என்னைக் கேட்டால் அந்தப் பள்ளி செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான். அங்கே பாடம் நடத்திய வில்லியம் ஷுர்ஸ் சொன்ன ஒரு வாசகம்தான் பள்ளியின் கொள்கையாகவே ஆனது: வணிகம் அடிக்கடி கடந்துபோகும் எல்லைக்குச் சிப்பாய்கள் அரிதாகத்தான் தேவைப்படுவார்கள். யவுன்ட் 1949லேயே காலமாகிவிட்டார், வளர்ச்சியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அப்புறம் பள்ளியின் பெயர் பலமுறை மாறியது. மற்றப் பல்கலைக்கழகங்களும் சர்வதேச வணிகப் பாடங்களைக் கொண்டுவந்துவிட, பின்னால் பெரிய பல்கலைக்கழகம் எதுவும் இல்லாமல் தனித்து நின்ற தண்டர்பேர்ட் பணத்துக்குத் திண்டாடியது. 2013ல் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தோடு கூட்டுச் சேர முயன்றபோது பழைய மாணவர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள், அங்கீகார அமைப்பும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் 2014 முடிவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 2018ல் பழைய விமானத் தளத்தை விட்டுக் கிளம்பி, இப்போது பீனிக்ஸ் நகர மையத்தில் சொந்தக் கட்டடத்தில் நடக்கிறது.

சரி, உங்கள் மகன் விஷயம். இதே துறைக்காக நம் நாட்டிலும் 1963லேயே டெல்லியில் இந்திய வெளிநாட்டு வர்த்தகக் கழகத்தை, அதாவது ஐ.ஐ.எஃப்.டி.யை, மத்திய அரசு தொடங்கியது. கொல்கத்தாவிலும் ஆந்திராவின் காக்கிநாடாவிலும் அதற்கு வளாகங்கள் உண்டு. அங்கே எம்.பி.ஏ. சேர வேண்டுமானால் கேட் (CAT) என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இப்போதிருந்தே தயாராகச் சொல்லுங்கள், கூடவே ஸ்பானிஷோ ஜெர்மனோ ஒரு மொழியையும் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.