வாசகர் கேள்வி–பதில்: ரிலே நீச்சலில் நேரம் எங்கே போகிறது?

நால்வர் ஒருவர் பின் ஒருவராக நீந்தும் ஃப்ரீஸ்டைல் ரிலே பற்றிக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. சின்ன வயதிலிருந்தே கடலில் நீந்துகிறான். நீச்சல் பயிற்சியில் சேர்த்தால் கோச் அடிப்படையிலிருந்து தொடங்கச் சொல்கிறார். நீந்தத் தெரிந்த பிள்ளைக்கு அது எதற்கு? (ஒரு தந்தை, குளச்சல்)

கடலில் நீந்துகிறவன் அலையையும் வள்ளத்தையும் கரையையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் தலை எப்போதும் மேலே நிற்கும். தலை தூக்கினால் இடுப்பும் காலும் தாழ்ந்துபோகும். உப்புத் தண்ணீர் உடம்பைத் தாங்குவதால் கடலில் இது தெரிவதில்லை. நீச்சல் குளத்தில் கால் தொங்கிவிடும். தொங்கும் காலையும் இழுத்துக்கொண்டுதான் அவன் நூறு மீட்டர் போக வேண்டும். இரண்டாவது ஐம்பதில் கை சோர்ந்துவிடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அவன் பார்வை குளத்தின் தரையில் இருக்க வேண்டும். மூச்சு எடுக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் போதும், ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்கலாம். கிக், அதாவது கால் உதைப்பு, முழங்காலிலிருந்து அல்ல, இடுப்பிலிருந்து வர வேண்டும். இரண்டு மாதம் பொறுமையாகச் செய்தால் பழகிவிடும். அந்த நாட்களில் நேரம் முன்பைவிடக் கூடும், பயப்படாதீர்கள். கடல் அவனுக்குக் கொடுத்த தோள் பலமும் தண்ணீர்ப் பயமின்மையும் எங்கும் போய்விடாது. ஒன்று மட்டும்: கடலைப் பயிற்சிக்களமாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனி, ஆடியில் நம் மேற்குக் கடற்கரையில் தனியாக இறங்கவே விடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் நான்கு பேரும் பள்ளி ரிலே அணி. போன போட்டியில் மூன்றாவது ஆள் சீக்கிரம் குதித்துவிட்டதாக எங்களை டிஸ்குவாலிஃபை செய்துவிட்டார்கள். இப்போது பயந்துகொண்டு, சுவரைத் தொட்டதைப் பார்த்த பிறகே குதிக்கிறோம். நேரம் மோசமாகிவிட்டது. என்ன செய்வது? (மாணவிகள், தக்கலை)

ரிலேயின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

விதி இதுதான்: வருகிறவரின் கை சுவரைத் தொடும் முன் அடுத்தவரின் கால் பிளாக்கை (குதிக்கும் மேடையை) விட்டுப் பிரியக் கூடாது. உடம்பு அசையலாம், கை சுழலலாம், முன்னால் சாயலாம். கால் விரல் ஒன்று பிளாக்கில் இருந்தால் போதும். மின்னணுக் கருவி உள்ள சர்வதேசப் போட்டிகளில் நொடியில் நூறில் மூன்று பங்கு, அதாவது 0.03 வரை முந்தினாலும் விட்டுவிடுவார்கள். கருவி இல்லாத இடத்தில் நடுவர் கண்ணால் பார்த்துத்தான் முடிவு சொல்வார். அங்கே அந்த ஓரத்தில் விளையாடக் கூடாது, கை தொட்டதற்கும் கால் பிரிவதற்கும் நடுவே 0.15 முதல் 0.20 நொடி இடைவெளியைக் குறிவைத்தால் போதும்.

தொட்டதைப் பார்த்துவிட்டுக் குதித்தால் என்ன ஆகும்? விசில் கேட்டுக் குதிப்பதற்கே முக்கால் நொடி வரை போகும். ரிலேயில் அந்தக் காத்திருப்பு தேவையே இல்லை. ஆள் மாறும் மூன்று மாற்றங்களிலும் அரை அரை நொடி விட்டால் ஒன்றரை நொடி. பள்ளி அளவில் முதலிடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் உள்ள தூரம் பல சமயம் அவ்வளவுதான்.

கணக்கு இப்படி. குளத்தின் தரையில் லேன் கோடு முடியும் இடத்தில் டி வடிவக் குறுக்குக்கோடு இருக்கும். அங்கிருந்து சுவருக்கு 2 மீட்டர். வருகிறவரின் நீட்டிய கை தலைக்கு முன்னால் 60, 70 சென்டிமீட்டர் இருக்கும். ஆகவே தலை அந்தக் கோட்டுக்கு மேல் வரும்போது இன்னும் 1.3 முதல் 1.4 மீட்டர்தான் பாக்கி. நூறு மீட்டரை ஒரு நிமிடத்தில் நீந்துகிறவர் கடைசியில் நொடிக்குச் சுமார் 1.6 மீட்டர் வருவார். அந்தத் தூரத்துக்கு 0.8 நொடி சொச்சம். கையை ஒரு சுற்றுச் சுழற்றி, முழங்காலை மடக்கி, கால் பிளாக்கை விட்டுப் பிரியவும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும். எனவே தலை கோட்டைத் தொடும்போது கை சுழல ஆரம்பிக்க வேண்டும். மெதுவாக வருகிறவருக்குச் சற்றுத் தாமதமாக, வேகமாக வருகிறவருக்குச் சற்று முன்னதாக. அதனால்தான் யாருக்குப் பின்னால் யார் என்பதை அடிக்கடி மாற்றக் கூடாது.

முதல் வாரம் குதிக்கவே வேண்டாம். வருகிறவர் 15 மீட்டர் தூரத்திலிருந்து முழு வேகத்தில் வரட்டும். பிளாக்கில் நிற்பவர் இரண்டு கையையும் நீட்டி அவர் தலையைக் குறிபார்த்துக்கொண்டே வந்து, சரியான நொடியில் கையைச் சுழற்றட்டும், அவ்வளவுதான். அடுத்த வாரம் டைவ். ஒருவர் சுவர் ஓரம் உட்கார்ந்து கையையும் காலையும் ஒரே சட்டத்தில் (ஃப்ரேமில்) செல்போனில் படமெடுத்தால், மெதுவாக ஓட்டிப் பார்த்து இடைவெளியை நீங்களே எண்ணலாம். நொடிக்கு 30 சட்டம் எடுக்கும் போனில் ஒரு சட்டம் 0.03 நொடி. பயிற்சியில் மாற்றத்தைக் களைத்த உடம்போடும் செய்து பாருங்கள்; களைத்து வருகிறவரின் வேகம் வேறு.

சீக்கிரம் குதித்தவரைத் திட்டுவதற்கு முன் வந்தவரைப் பாருங்கள். கடைசி இரண்டு மீட்டரில் தலையைத் தூக்கிச் சுவரைத் தேடினாலோ, பாதிக் கைவீச்சில் நிறுத்தி மிதந்து வந்தாலோ, பிளாக்கில் இருப்பவர் அதற்குள் சாய்ந்துவிட்டிருப்பார். அவரால் நிற்க முடியாது. தவறு ஒருவருடையது, பெயர் மற்றவருக்கு. மேலே கொடிகள் தொங்கும் 5 மீட்டரிலிருந்து வருகிறவர் மூச்சு எடுக்கக் கூடாது, முகம் கீழே, கடைசிக் கைவீச்சு முழுதாக நீண்டு விரல் நுனி சுவரில் பட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பிளாக் உள்ள பக்கம் தண்ணீர் ஆழம் குறைந்தது 1.35 மீட்டர் இருக்க வேண்டும். பல 25 மீட்டர் குளங்களில் ஒரு பக்கம் இடுப்பளவுதான் இருக்கும். அந்தப் பக்கம் தலைகீழாகக் குதிக்கவே கூடாது, கழுத்தெலும்பு முறியும்.

இன்னொன்று: ஜெயித்த சந்தோஷத்தில் தண்ணீருக்குள் பாய்ந்துவிடாதீர்கள். எல்லா அணியும் முடிப்பதற்கு முன் நீந்தி முடித்தவரோ முடிக்காதவரோ உள்ளே இறங்கினால் அணியே வெளியே. எழுதிக்கொடுத்த வரிசையை மாற்றி நீந்தினாலும் அப்படித்தான்.

கேள்வி: நால்வரில் வேகமானவரைக் கடைசியில் விடுவதா, முதலில் விடுவதா? (உடற்கல்வி ஆசிரியர், மார்த்தாண்டம்)

பொதுவாக இரண்டாவது வேகமானவர் முதலில், வேகமானவர் கடைசியில். முதல் ஆளுக்கு முன்னால் கலங்காத தண்ணீர் கிடைக்கும். விசிலுக்குச் சட்டென்று பாய்கிறவராக இருக்க வேண்டும். பக்கத்து லேன் அலை முகத்தில் அடித்தாலும் தடுமாறாதவரை நடுவில் வையுங்கள். ஆனால் கடைசி இடத்துக்கு நேரத்தைவிட முக்கியம் மனநிலை. முன்னால் ஆள் இருந்தால் விரட்டுகிறவரும் உண்டு, கைவீச்சு குலைந்துபோகிறவரும் உண்டு. பயிற்சியில் அரை நொடி பின்னால் விட்டு விரட்டச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக் ஆண்கள் 4×100 ஃப்ரீஸ்டைல் ரிலேயை உங்கள் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். கடைசி ஆளாக பிரான்ஸின் அலெய்ன் பெர்னார் முன்னால் பாய்ந்தார், அமெரிக்காவின் ஜேசன் லெசாக் பின்னால். பெர்னார் முதல் ஐம்பதை 21.27 நொடியில் முடித்தார், லெசாக் 21.50. திரும்பி வருகையில் பெர்னாருக்கு 25.46 ஆனது, லெசாக்குக்கு 24.56. அமெரிக்கா 0.08 நொடியில் ஜெயித்தது. நூறு மீட்டருக்கு லெசாக் எடுத்த 46.06 நொடி ஒரே நாளில் வந்த அதிசயம் இல்லை. முதல் ஐம்பதில் அவர் மிச்சம் வைத்ததுதான் திரும்பும்போது கைகொடுத்தது. அதோடு பெர்னார் லேன் கயிற்றை ஒட்டி நீந்தியதால், அவர் கிளப்பிய அலையில் லெசாக் சவாரி செய்ய முடிந்தது. லேன் நடுவில் நீந்து என்று சொல்வதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

அணியின் நேரத்தை முன்கூட்டிக் கணக்கிட நால்வரின் தனி நேரத்தையும் கூட்டி, விசிலுக்குக் காத்திராமல் பின்னால் வரும் மூவருக்கும் அரை அரை நொடி கழியுங்கள். 58.4, 59.1, 60.0, 60.8 என்றால் கூட்டுத்தொகை 3 நிமிடம் 58.3; ரிலேயில் 3:56.8 வர வேண்டும். வரவில்லை என்றால் மாற்றத்தில் ஓட்டை இருக்கிறது.

கேள்வி: 25 மீட்டர் குளத்தில் நன்றாக வருகிற பெண், 50 மீட்டர் குளத்தில் கடைசியில் செத்துப்போகிறாள். (ஒரு தாய், தோவாளை)

25 மீட்டரில் நூறுக்கு மூன்று டர்ன், மூன்று உந்தல். 50 மீட்டரில் ஒன்றே ஒன்று. சுவர் தரும் ஓய்வு இல்லாததால் கடைசி 15 மீட்டரில் கை கனக்கிறது. வாரம் இரண்டு நாள், 25 மீட்டர் குளத்திலேயே சுவரைத் தொடாமல், கொடிக்குக் கீழே தண்ணீரிலேயே திரும்பி ஐம்பது மீட்டரை எட்டு முறை நீந்தட்டும். மாநிலப் போட்டிக்கு முன் சில நாளாவது 50 மீட்டர் குளம் பார்க்க வேண்டும். நமக்குப் பக்கம் திருவனந்தபுரத்தைத் தாண்டிப் பிரப்பன்கோடு; 2015 தேசிய விளையாட்டின் நீச்சல் அங்கேதான் நடந்தது. சென்னையில் வேளச்சேரி.

கேள்வி: மகள் பிளஸ் ஒன். ரிலேயில் மட்டும் மெடல், தனிப் போட்டியில் ஆறாவது ஏழாவது. இதை நம்பித் தொடரலாமா? (ஒரு தந்தை, குழித்துறை)

தொடரலாம். மேலே சொன்ன லெசாக் நான்கு ஒலிம்பிக்கில் வாங்கிய எட்டுப் பதக்கங்களில் தனிப் போட்டிக்கானது ஒன்றுதான், அதுவும் 32 வயதில். தகுதிச் சுற்றில் மட்டும் நீந்தியவருக்கும் ஒலிம்பிக் ரிலே பதக்கம் உண்டு. ரிலே அணியில் நாலாவது இடத்தில் இருப்பவளை எந்தக் கோச்சும் விடமாட்டார்.

ஆனால் ரிலேயில் இரண்டாவது, மூன்றாவது, நாலாவது நீந்தினால் அந்த நேரம் தனி நேரமாகப் பதிவாகாது. முதல் ஆளின் நேரம் மட்டுமே அதிகாரபூர்வமாகச் சேரும். வருடத்தில் ஓரிரு முறையாவது முதலில் விடும்படி கோச்சிடம் கேளுங்கள். பல்கலைக்கழக அணி, ரயில்வே, காவல்துறை, ராணுவம் என்று நீச்சல் அணி வைத்திருக்கும் இடங்களில் தனி நேரத்தைத்தான் முதலில் கேட்பார்கள். முதலமைச்சர் கோப்பை முதல் மாநிலப் போட்டி வரை ஒவ்வொரு சான்றிதழோடும் அன்றைய முடிவுத் தாளின் நகலையும் வாங்கி வையுங்கள். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கு விண்ணப்பிக்கும்போது தாள் இல்லாமல் அலைகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: போட்டியன்று காலையில் மரச்சீனியும் மீனும் கொடுக்கலாமா? (இரணியல்)

மூன்று மணி நேரத்துக்கு முன் என்றால் கொடுக்கலாம், எண்ணெயும் தேங்காயும் குறைத்து. மாவுச்சத்துக்கு மரச்சீனி நல்லது, ஆனால் செரிக்க நேரமெடுக்கும். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் பழுத்த நேந்திரம் பழம் ஒன்று. ரிலே பெரும்பாலும் நிகழ்ச்சியின் கடைசியில் வரும். காலையில் சாப்பிட்டதோடு பிள்ளையை மதியம் வரை பட்டினி போடாதீர்கள். இடையில் கருப்பட்டி கலந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள்.