கேட்டைத் தாண்டினதும் படுத்துக்கற நாய்

நடைக்குக் கூட்டிட்டுப் போனா கேட்டைத் தாண்டினதும் நாய் படுத்துக்குது, என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. இழுக்காதீங்க, தூக்கிட்டும் போகாதீங்க. ஒரு வாரம் நடையே வேண்டாம், மலஜலம் முற்றத்திலேயே ஆகட்டும். கேட்டைத் திறந்து வச்சு, நீளக் கயிறைத் தளரவிட்டு உள்ளே உட்காருங்க. அதுவா ஒரு அடி வெளியே வச்சா, உப்பும் எலும்பும் இல்லாம வேகவச்ச கோழியில நகமளவு ஒரு துண்டு குடுங்க. உடனே திரும்பிடுங்க.

வீடு தக்கலை மெயின்ரோட்டு ஓரம்னு சொல்றீங்க. பஸ் ஹாரன் காரணமா இருக்கலாம். காலை 5 மணி வாக்கில, ரோடு அடங்கியிருக்கும்போது பழக்குங்க.

வீட்டுக்குள்ள ஆசையா தின்ன அதே கோழியை வாசல்ல சீண்டவே மாட்டேங்குதா? பயம் எல்லை மீறிடுச்சு, நாலடி பின்னால வாங்க.

கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாதீங்க. மிரண்ட நாய் பின்னால நகர்ந்து தலையை உருவிட்டு ஓடிடும், அப்புறம் ரோட்டுல பிடிக்கவே முடியாது. ஹார்னஸ் (நெஞ்சையும் முதுகையும் சுத்தி மாட்டற வார்) போடுங்க, ரெண்டு விரல் நுழையற இறுக்கம்.

வீட்டுக்குள்ளயும் நொண்டினா பயம் மட்டும் இல்லை. விரலிடுக்கில உண்ணி, முள் பாருங்க. ஒண்ணும் தெரியலைன்னா கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க.