புகார் கொடுத்தவர் எங்கே போவது?

அன்புள்ள சாருக்கு,

நான் குழித்துறைக்காரி. நர்சிங் முடித்துவிட்டு இங்கிலாந்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரி வார்டில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். அப்பாவின் உடல்நிலை காரணமாகத் திரும்பி வந்துவிட்டேன். இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் குவாலிட்டி டிபார்ட்மென்டில் இருக்கிறேன். தினமும் களியக்காவிளை எல்லையைத் தாண்டிப் போய்வருகிறேன்.

இங்கிலாந்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா பிறகு சட்டம் படித்தார். நர்சுகளைப் பதிவு செய்யும் கவுன்சிலில் சில வருடம் இருந்தார். இன்று தனி ஆலோசகர். டாக்டர், நர்ஸ் போன்றவர்களின் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் விதி எழுதவும், தங்கள் விசாரணைகள் ஒழுங்காக நடந்தனவா என்று பார்க்கவும் அவரைக் கூப்பிடுகின்றன. எனக்கும் அந்த வழியில் போக ஆசை. கொச்சியில் ஒரு ஆலோசனை நிறுவனம் வேலைக்குக் கேட்கிறது. ஆஸ்பத்திரிகளை அங்கீகாரத்துக்குத் தயார் செய்யும் வேலை.

37 வயதில் சட்டம் படிக்கலாமா? நம் நாட்டில் இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் உண்டா? தமிழும் மலையாளமும் கலந்த நம் பேச்சை வைத்துக்கொண்டு பெரிய அறைகளில் உட்கார முடியுமா? "ஊசி போட்ட கையால பேப்பர் புரட்டப் போறியா" என்று அப்பா வேறு கேட்கிறார்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்தபோது 2019-ஆம் வருடத்துத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30-ஆம் பிரிவைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். மாநில மருத்துவக் கவுன்சிலின் முடிவை எதிர்த்து யார் மேலே போகலாம் என்று சொல்லும் பிரிவு அது. கொஞ்ச நாளாகவே அது என்னை விடாமல் பிடித்திருக்கிறது. மற்றக் கடிதங்களைத் தள்ளி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். பேச்சைப் பற்றி இனி யாரிடமும் கேட்காதே. எட்டு வருடம் ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் ஒரு வார்டையே வாயால் ஒப்படைத்தவளுக்கு நாலு பேர் இருக்கும் அறையில் பேச வராதா? வயதும் தடை இல்லை. அப்பா கேட்டதற்கு நான் பதில் சொல்வது முறையல்ல. அவர் மனசில் இருப்பது பேப்பரைப் பற்றிய கவலையாக இருக்காது. நீ மறுபடியும் விமானம் ஏறிவிடுவாயோ என்ற பயமாக இருக்கும். அதை நீதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது கொச்சி வேலையைப் படித்தபோது. இரண்டு வெவ்வேறு வேலைகளை நீ ஒன்றாக நினைத்திருக்கிறாய். உன் அக்கா செய்வது ஒன்று, உன்னைக் கூப்பிடுவது வேறொன்று. ஆஸ்பத்திரிகளுக்கான தேசிய அங்கீகார வாரியம் 2005-இல் வந்தது. அது எழுதிவைத்த தரங்கள் நல்லவை, அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆய்வுக்கு ஆள் வருவதற்கு முந்தைய வாரங்களில் சில ஆஸ்பத்திரிகளில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியும். விட்டுப்போன பக்கங்களை எல்லாம் ஒரே பேனாவால் நிரப்புகிறார்கள். நடக்காத கூட்டத்துக்கு வருகைப் பட்டியல் தயாராகிறது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கண் எரியும் பிள்ளைகள் போன மாதத் தேதிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். இதைச் செய்யச் சொல்லிக் கொடுப்பதற்கும் ஆலோசனை என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். நீ அதற்குப் போகக் கூடாது மக்களே. இன்னொன்றும் சொல்கிறேன், வலித்தால் வலிக்கட்டும். உன் கடிதம் முழுக்க ஆஸ்பத்திரி இருக்கிறது, கவுன்சில் இருக்கிறது, நிறுவனம் இருக்கிறது, அப்பா இருக்கிறார். நோயாளி எங்கேயும் இல்லை.

உன் அக்காவின் தொழில் எதிலிருந்து வந்தது என்று அவரிடம் எப்போதாவது கேட்டாயா? 1858-இல் பிரிட்டனில் மருத்துவச் சட்டம் போட்டபோது அதன் முதல் வரியிலேயே காரணத்தை எழுதினார்கள்: மருத்துவ உதவி தேவைப்படுகிறவர்களால் தகுதி உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்து அறிய முடிய வேண்டும். பதிவேடு உண்டானது சாதாரண சனங்கள் பார்ப்பதற்காக. ஆனால் அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு, அந்தச் சட்டம் உண்டாக்கிய மருத்துவக் கவுன்சிலில் பெரும்பான்மையாக இருந்தவர்கள் டாக்டர்களே. டாக்டர்களை டாக்டர்களே விசாரித்தார்கள்.

அப்புறம் பிரிஸ்டல் நகரத்து ஆஸ்பத்திரி விவகாரம் வந்தது. குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையில் அங்கே சாவுகள் அதிகமாக இருக்கின்றன என்று ஸ்டீஃபன் போல்சின் என்ற மயக்க மருந்து நிபுணர் உள்ளேயிருந்து சொன்னார். கடைசியில் அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பிழைக்க வேண்டியிருந்தது. 2001-இல் அயன் கென்னடி தலைமையிலான விசாரணை 198 பரிந்துரைகளோடு முடிந்தது. அதோடு ஹெரால்ட் ஷிப்மன். 1976-இல் பெத்தடின் என்ற போதை தரும் வலி மருந்துக்காகப் பொய் மருந்துச் சீட்டு எழுதித் தண்டனை பெற்ற டாக்டர் அவர். கவுன்சில் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டது. அவர் மறுபடி கிளினிக்கில் உட்கார்ந்தார். 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டார். கொன்றது ஏறத்தாழ 250 பேரை இருக்கும் என்று ஜேனட் ஸ்மித் நடத்திய விசாரணை கணக்கிட்டது. கவுன்சில் நோயாளிகளைவிட டாக்டர்களைப் பாதுகாப்பதிலேயே குறியாக இருந்தது என்று அந்த விசாரணையின் 2004-ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது. அதற்கு அப்புறம்தான் கவுன்சிலில் பாதிப் பேர் மருத்துவர் அல்லாதவர்கள் ஆனார்கள். 2012 டிசம்பரிலிருந்து டாக்டர்கள் தங்கள் தகுதியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மறுபடி நிரூபிக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. நர்சுகளுக்கு 2016-இல் வந்தது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை 450 மணி நேர வேலைக் கணக்கை நீயே காட்டியிருப்பாய். கவுன்சில்களைக் கண்காணிக்க அவற்றுக்கு மேலே ஒரு அமைப்பும் உண்டானது. உன் அக்காவுக்குக் கிடைக்கும் வேலையெல்லாம் இந்தச் சாவுகளுக்குப் பிறகு உண்டான வேலைதான்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். நம் குமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் சனங்களுக்கு டாக்டர் மேல் இருக்கும் நம்பிக்கை சாதாரணமானது அல்ல. 1838-இல் நெய்யூரில் மிஷன் வைத்தியம் தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்தது அது. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் நெய்யூரில் தங்கிப் பல வருடம் கத்தி பிடித்தார். அப்படிப்பட்டவர்களைப் பார்த்த பாட்டிமார் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். அவர்களிடம் யாரும் பதிவு எண் கேட்டிருக்க மாட்டார்கள், கேட்க வேண்டியும் இருக்கவில்லை. அந்த நம்பிக்கை அப்படியே கைமாறி இன்று பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் வரை ரோட்டோரம் நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போயிருக்கிறது. மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது 2002-ஆம் வருடத்து நடத்தை விதி. நம் ஆட்களில் எத்தனை பேர் அதைத் தேடிப் பார்க்கிறார்கள்?

என் சின்னம்மையும் பார்க்கவில்லை. பித்தப்பையில் கல் என்று எல்லை தாண்டி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சின்ன ஆபரேஷன், சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். வயிறு வீங்கியது, கண் மஞ்சளானது, வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் பித்தநாளம் அறுபட்டிருக்கிறது என்று தெரிந்தது. கிருமி ரத்தத்தில் ஏறி இறந்துபோனாள். என் வீட்டில் அம்மைக்கு அடுத்தபடி எனக்குச் சோறு போட்ட கை அது.

அவள் மகன் மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிறவன். கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டான். 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பது அதே விதி. மாதக்கணக்கில் நடக்க வைத்தார்கள். ஒரு மாநிலத்துக் கவுன்சிலுக்கு எழுதினான். அந்த டாக்டர் இன்னொரு மாநிலத்தில் பதிவு செய்தவர், அங்கே எழுதுங்கள் என்றார்கள். அங்கே எழுதினான். ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் விதி இருக்கிறது. வருடங்கள் கழித்து ஒரு பக்கத் தாள் தபாலில் வந்தது: அலட்சியம் நிரூபிக்கப்படவில்லை. டாக்டர் என்ன விளக்கம் கொடுத்தார், யார் யார் உட்கார்ந்து பேசினார்கள், எதை வைத்து முடிவு செய்தார்கள், எதுவும் அதில் இல்லை. "அண்ணா, எனக்குப் பைசா வேண்டாம். அம்மைக்கு என்ன ஆச்சுன்னு ஒரு ஆள் என் முகத்தப் பாத்துச் சொன்னாப் போதும்" என்று என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னான்.

இதற்கு அடுத்த படி என்ன? இங்கேதான் 30-ஆம் பிரிவு வருகிறது. மாநிலக் கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்ட மருத்துவர் மேலே இருக்கும் நெறிமுறை மற்றும் மருத்துவப் பதிவு வாரியத்துக்குப் போகலாம், அங்கிருந்து ஆணையத்துக்கும் போகலாம் என்று அது சொல்கிறது. மருத்துவர் போகலாம். புகார் கொடுத்தவர் போகலாம் என்று அதில் எங்கேயும் இல்லை. முன்பு அப்படி இல்லை மகளே. 2002-ஆம் வருட விதிகளில் பிறகு ஒரு வரி சேர்த்தார்கள்: மாநிலக் கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்ட எவரும் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எவரும் என்றால் ரப்பர் ஷீட் விற்கிறவனும்தான். 2019 சட்டம் வந்த பிறகு அந்த 30-ஆம் பிரிவைக் காட்டியே நோயாளிகளின் மேல்முறையீடுகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே என்று சொல்வார்கள். 1995-இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் நுகர்வோர் நீதிமன்றம் கொடுப்பது நஷ்டஈடு. ஒரு டாக்டர் மறுநாள் அதே கத்தியை எடுக்கலாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை. அது கவுன்சிலின் வேலை. அந்தக் கவுன்சில் ஒரு டாக்டரைத் தண்டித்தால் அவருக்கு மேலே இரண்டு படி இருக்கிறது. தண்டிக்காமல் விட்டால் செத்தவளின் மகனுக்கு அந்தப் பிரிவில் ஒரு படிகூட இல்லை. உயர் நீதிமன்றத்துக்கு ரிட் போடலாம் என்று வக்கீல் சொல்வார். போடலாம்தான். எத்தனை குடும்பங்களால் முடியும்? பிரிட்டனிலும் நோயாளி நேரடியாக மேல்முறையீடு செய்துவிட முடியாது. ஆனால் விசாரணைக் குழு ஒரு டாக்டரையோ நர்ஸையோ லேசாக விட்டுவிட்டது என்று தோன்றினால், கவுன்சில்களுக்கு மேலே இருக்கும் அந்த அமைப்பே நீதிமன்றத்துக்குப் போகலாம். பிரிட்டனின் 2002-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்றின் 29-ஆம் பிரிவு கொடுத்த உரிமை அது. போயும் இருக்கிறார்கள். நான் கேட்பது இந்த அளவு மட்டும்தான்.

டாக்டர்களைத் திட்டுகிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். வார்டில் டாக்டரையும் நர்ஸையும் அடிக்கிறவர்களை நான் ஒருநாளும் நியாயப்படுத்தியதில்லை. ஒழுங்காகக் கேட்க ஒரு இடமும், காரணம் எழுதிய ஒரு பதிலும் இருந்தால் கையை ஓங்குகிறவர்கள் குறைவார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை. நேர்மையான டாக்டருக்கும் அதுதான் பாதுகாப்பு.

எதிர்காலம் உண்டா என்று கேட்டாய் இல்லையா? தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனச் சட்டம் 1997-இல் வந்தது, அதற்கு விதிகள் வர 2018 ஆனது. கேரளத்தில் 2018-இல் சட்டம். லேப், பிசியோதெரபி போன்ற தொழில்களுக்கு 2021-இல் தேசியச் சட்டம், நர்சுகளுக்கு 2023-இல். இவற்றுக்கெல்லாம் விதி எழுத வேண்டும், விசாரணை நடத்தும் முறை எழுத வேண்டும், தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் கேரளத்தில் தப்புச் செய்தால் யார் கேட்பது என்று எழுத வேண்டும். சென்னைக் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் வேலைக்குச் சேர நீ எத்தனை தாளுக்கு அலைந்தாய் என்று உனக்கே தெரியும். இந்த எல்லையில் வாழ்ந்த ஒருத்திக்குத் தெரிவது டெல்லியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. வேலை கிடக்கிறது. சம்பளம் எவ்வளவு வரும் என்று என்னிடம் கேட்காதே.

சட்டம் படி. முழு டிகிரிக்கு இப்போது முடியாது என்றால் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் மருத்துவச் சட்டமும் அறவியலும் டிப்ளமாவில் தொடங்கு. வார்டை முழுக்க விட்டுவிடாதே, வாரத்தில் ஒரு ஷிஃப்டாவது வைத்துக்கொள். கொச்சிக்காரர்களுக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் அவர்களிடம் ஒன்று கேள்: நீங்கள் தயார் செய்த ஆஸ்பத்திரிகளில் புகார் கொடுத்த ஒரு குடும்பத்தையாவது கூப்பிட்டுப் பேசியிருக்கிறீர்களா? அவர்கள் சொல்லும் பதிலை எனக்கு எழுது. இல்லை என்றால் போகாதே. அதே கேள்வியை நாளைக்கு உன் குவாலிட்டி டிபார்ட்மென்டிலும் கேள்.