நான்கு வரித் தூதுவன் வேடம்: விலகலாமா?

வணக்கம் தம்பி. அரசன் வேடத்துக்குத் தேர்வு கொடுத்தீர்கள், நான்கு வரி பேசும் தூதுவன் கிடைத்தது, அதற்காக வாரம் மூன்று நாள் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்வர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். சிறிய குழுவில் வேடம் கொடுப்பவர்கள் நடிப்பை மட்டும் பார்ப்பதில்லை. யார் ஒத்திகைக்கு ஒழுங்காக வருவார் என்றும் பார்க்கிறார்கள். புதியவரிடம், அதுவும் வெளியூர்க்காரரிடம், முதல் நாடகத்திலேயே அரசனைக் கொடுக்க யாருக்கும் தயக்கம் இருக்கும். எனக்கு முதலில் கிடைத்தது ஈட்டி பிடிக்கும் காவலன். வசனமே இல்லை, மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது!

தெருக்கூத்தில் பாத்திரங்களை அறிமுகம் செய்து, வேடிக்கையும் பேசும் கட்டியங்காரனை நினைத்துப் பாருங்கள். கதைத்தலைவன் அவன் இல்லை. ஆனால் அவன் இல்லாமல் கூத்து நகராது. தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளும் எமன், சனீஸ்வரன் வேடங்களில் பெயர் பெற்றவர்தான். அவர் 1922இல் மறைந்தது நீங்கள் ஒத்திகைக்குப் போகும் அதே புதுச்சேரியில். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது, ஒருநாள் பார்த்துவிட்டு வாருங்கள்.

அரசனின் வசனத்தையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அரசனாக நடிப்பவர் வராத நாளில் ஒத்திகை நிற்காமல் இருக்க, அந்த வரிகளைப் படிக்க ஓர் ஆள் தேவைப்படும்.

குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை என்றார்களாமே? தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலைச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகுங்கள். கத்தாதீர்கள், தொண்டை கட்டிவிடும். மூச்சை வயிற்றிலிருந்து எடுங்கள்.

இரவு பஸ் கவலை நியாயமானது. எத்தனை மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்பதை இயக்குநரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். உங்கள் காட்சியை முதலில் ஒத்திகை பார்க்கச் சொல்லலாம், நான்கு வரிதானே!