விதையில்லா தர்பூசணி: பூ இருக்கிறது, பிஞ்சு நிற்கவில்லை

கேள்வி: ஐயா, கே.வி.குப்பம் பக்கம் அரை ஏக்கரில் விதையில்லா தர்பூசணி மட்டும் போட்டிருக்கிறோம். சொட்டு நீர், மல்ச்சிங் ஷீட் எல்லாம் உண்டு. கொடி நன்றாக ஓடியிருக்கிறது. ஆனால் பிஞ்சு கோலி அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்கிறது. போரான் சத்து அடித்தும் நிற்கவில்லை. இது "நாலு மடங்கு" செய்த விதை, அதனால்தான் இப்படி என்று ஒருவர் சொன்னார். அப்படியென்றால் என்ன? கண்வலிக்கிழங்குச் சாற்றில் ஊறவைத்து எங்கள் முள்ளுக் கத்தரியையும் அப்படிப் பெரிதாக்கலாமா? (ஒரு பெண் விவசாயி, வேலூர் மாவட்டம்)

பதில்: அம்மா, போரான் அடிப்பதை நிறுத்துங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், நிலம் முழுக்க விதையில்லா ரகத்தை மட்டும் நட்டதுதான் காரணம். அந்தக் கொடியின் ஆண் பூவில் வரும் மகரந்தத்துக்கு வீரியம் கிடையாது. விதையுள்ள சாதாரண தர்பூசணியின் மகரந்தம் பெண் பூவில் பட்டால்தான் பிஞ்சு நிற்கும்.

இனி பூக்கும் பூக்களைக் காப்பாற்றலாம். பக்கத்தில் யாராவது விதையுள்ள தர்பூசணி போட்டிருந்தால், விடிந்ததும் போய் அன்று மலர்ந்த ஆண் பூக்களைக் கேட்டுப் பறித்து வாருங்கள். இதழைக் கிள்ளிவிட்டு, உங்கள் கொடியில் அன்று விரிந்த பெண் பூவின் நடுவே மூன்று பிரிவாக இருக்கும் சூலகமுடி முழுக்கப் படும்படி மெல்லத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகும். காலை 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். பெண் பூவுக்கு ஆயுள் அந்த ஒரு நாள்தான். வேலூர் வெயிலில் அதுவும் முழுசாகக் கிடைக்காது. பூசணி, வெள்ளரிப் பூவெல்லாம் இதற்கு உதவாது. அரை ஏக்கர் என்பதால் வீட்டில் இரண்டு பேர் சேர்ந்தால் செய்துவிடலாம்.

இப்போது அந்த "நாலு மடங்கு" விஷயம். சாதாரண தர்பூசணியின் செல்லில் 22 குரோமோசோம்கள் (மரபுப் பண்புகளைத் தாங்கும் நுண் துண்டுகள்), அதாவது 11 ஜோடி. இளம் நாற்றின் குருத்தில் கால்ச்சிசின் என்ற நச்சுப் பொருளின் கரைசலை விட்டால், செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் இழைகள் உருவாகாமல் போகும். இரட்டித்த குரோமோசோம்கள் பிரியாமல் ஒரே செல்லில் தங்கி 44, அதாவது நான்கு பதினொன்று ஆகிவிடும். இதற்குத்தான் நான்மடியம் என்று பெயர். 1937இல் பிளேக்ஸ்லீ, ஏவரி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த வழியைக் காட்டினார்கள். நான்மடியச் செடியில் செல் பெரிதாகும், இலை தடித்துக் கரும்பச்சையாகும், இலைத்துளைகள் பெரிதாகி எண்ணிக்கையில் குறையும். ஆனால் வளர்ச்சி பெரும்பாலும் மந்தப்படும், விதைப் பிடிப்பும் குறையும். பெருத்தது எல்லாம் லாபம் என்று எண்ணிவிடக் கூடாது.

உங்கள் நிலத்தில் நிற்பது நான்மடியம் அல்ல, அதன் பிள்ளை. நான்மடியத் தாயிடமிருந்து 22, சாதாரணத் தந்தையின் மகரந்தத்திலிருந்து 11, ஆக 33 குரோமோசோம்கள் கொண்ட மும்மடியம். ஜப்பானின் ஹிதோஷி கிஹாரா உருவாக்கி 1951இல் வெளியிட்ட முறை இது. பூவில் மகரந்தமும் சூலும் உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்துதான் பிரிய வேண்டும். மூன்று மாட்டை ஒரு ஏரில் பூட்ட முடியாதது போல, மூன்று மூன்றாக இருப்பவை ஒழுங்காக ஜோடி சேர்வதில்லை. விதை முற்றாமல் வெள்ளைத் தோலாக நிற்பதும் இதனால்தான், ஆண் பூ பயன்படாததும் இதனால்தான். வெளியிலிருந்து வரும் நல்ல மகரந்தம் பெண் பூவில் முளைக்கும்போது கிடைக்கும் தூண்டுதலில் காய் பருக்கிறது.

நாலு மடங்கு என்றாலே மலடு என்று பயப்படவும் வேண்டாம். நம் பக்கத்து மல்லாட்டையே (நிலக்கடலை) நான்மடியம்தான், 40 குரோமோசோம்கள். தென் அமெரிக்காவில் இரண்டு காட்டு இனங்கள் இயற்கையாகக் கலந்து வந்த பயிர் அது. இரண்டு இனத்திலிருந்தும் வந்த இருபது இருபதும் தத்தம் துணையோடு ஜோடி சேர்ந்துகொள்வதால் காய்ப்பில் குறையில்லை. பழைய வட ஆற்காடு முழுக்க நாம் விதை எடுத்து வைத்து மறுபடி போட முடிகிறதே. விதையில்லா பழத்தைச் சாப்பிடவும் தயங்க வேண்டாம். கால்ச்சிசின் பட்டது முந்தைய தலைமுறைச் செடியில், உங்கள் காயில் அல்ல.

கண்வலிக்கிழங்கு வேண்டவே வேண்டாம் அம்மா. கண்வலிக்கிழங்கு என்பது செங்காந்தள்தான், கால்ச்சிசின் அதிலும் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதன் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு, உள்ளே போனால் உயிர் போகும். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அதை அரைக்காதீர்கள். அப்படியே செய்தாலும் பெரும்பாலான நாற்றுகள் கருகும் அல்லது மாறாமலே இருக்கும். எது மாறியது என்று அறிய நுண்ணோக்கியில் குரோமோசோம்களை எண்ண வேண்டும். இலவம்பாடி முள்ளுக் கத்தரி ருசிக்காகவே புவிசார் குறியீடு வாங்கிய காய். நோயில்லாத, நன்றாகக் காய்த்த செடிகளில் காயைப் பழுக்க விட்டு விதை எடுங்கள், அது போதும்.

அடுத்த பட்டத்தில் இரண்டு விதையில்லா செடிக்கு ஒரு விதையுள்ள செடி என்று கலந்து நடுங்கள். அதே சமயம் பூக்கும் ரகமாக, அறுவடையில் பிரித்தறிய வேறு தோல் நிறமுள்ளதாக இருக்கட்டும். தேனீப்பெட்டி வைத்தால் கையால் தடவும் வேலை மிச்சம்; பூக்கும் நாட்களில் காலையில் மருந்து அடிக்காதீர்கள். மும்மடிய விதைக்கு ஓடு தடிமன், உள்ளே கரு சிறிது. நேரடியாக ஊன்றாமல் குழித்தட்டில், 30 டிகிரி சூட்டில், ஈரம் அதிகமாகாமல் முளைக்க வையுங்கள். ரகம் தேர்வு செய்யும் முன் விரிஞ்சிபுரம் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.