பிரான்ஸ் கிராமப்புறத்தை நடந்தே பார்க்க எங்கே தொடங்கலாம்?

தயங்காமல் சொல்வேன்: லெ புய் நகரிலிருந்து கோங்க் கிராமம் வரை செல்லும் ஜி.ஆர். 65 என்ற நெடுந்தூர நடைபாதை. ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் பத்து நாள். ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு இடைக்காலம் முதல் யாத்ரீகர்கள் நடந்த வழி இது.

வழி தவறுமோ என்ற அச்சம் வேண்டாம். மரத்திலும் பாறையிலும் வெள்ளைக்கோடு மேலே, சிவப்புக்கோடு கீழே இருந்தால் சரியான பாதை. அதே நிறங்களில் பெருக்கல் குறி தெரிந்தால் திரும்பிவிடுங்கள். இந்தக் குறிகளைத் தன்னார்வலர்களே தீட்டிப் பராமரிக்கிறார்கள். எவ்வளவு பெரிய தொண்டு!

நடுவே ஓப்ராக் மேட்டுநிலம்: மரமற்ற புல்வெளி, கற்சுவர்கள், மேயும் மாடுகள். மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். குளிர்காலத்தில் பனி மூடிவிடும்.

கோங்கில் ஒருநாளாவது தங்குங்கள். தேவாலய வாசலின் மேல், உலக முடிவில் கடவுள் வழங்கும் இறுதித் தீர்ப்பைக் காட்டும் 12ஆம் நூற்றாண்டுச் சிற்பம். நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். மாலை வெயிலில் பாருங்கள், வாசல் மேற்கு நோக்கியது. உள்ளே ஓவியர் பியர் சூலாஜ் வடிவமைத்து 1994இல் முடிந்த வண்ணமற்ற கண்ணாடிச் சன்னல்கள்.

வழியெங்கும் நடைப்பயணிகளுக்கான எளிய விடுதிகள் உண்டு. கோடையில் முன்பதிவு அவசியம்.